மீட்டர் சொல்லிக்கொடுக்கும் பாடம்

(எரிசக்தி சேமிப்பு வாரத்தையொட்டி அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு நடைபெற்ற பயிற்சியில் முதுகலை இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அந்த வாரத்தில் நம் பள்ளிகளில் என்னென்ன நடக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஓவியப் போட்டி வைப்போம். எரிகிற குண்டு பல்பு கண்ணீர் விடுவதுபோல் ஒரு பிள்ளை வரைந்திருக்கும். வாசகம் எழுதும் போட்டி இருக்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்போம். இவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாரம் முடிந்ததும் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்கள் வீட்டில் எந்தப் பொருள் அதிகமாகக் கரண்ட் எடுக்கிறது?"

"மிக்சி சார்" என்று உடனே ஒரு குரல் வரும். வீட்டில் பெரிய சத்தம் போடுவது அதுதானே! இன்னொருவர் அயர்ன் பாக்ஸ் என்பார். டி.வி. என்று சிலர் சொல்வார்கள். தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும் மின்விசிறியை யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் சரியான விடை அதுதான்.

இந்த ஒரு விடையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

வாட் பாதி, நேரம் பாதி

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் கிலோவாட் மணி வருகிறது. ஒரு கிலோவாட் மணி என்பது 36 லட்சம் ஜூல் என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மின்வாரியத்தின் ரசீதில் "யூனிட்" என்று வருவதும் அதே கிலோவாட் மணிதான் என்பதை எத்தனை பேர் தொடர்புபடுத்திப் பார்க்கிறார்கள்? 1000 வாட் எடுக்கும் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் எடுக்கும் பொருள் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட். சூத்திரம் இவ்வளவுதான். வாட்டை மணியால் பெருக்கு, ஆயிரத்தால் வகு.

இப்போது மிக்சியைப் பார்ப்போம். 750 வாட் மிக்சி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்னி, தேங்காய், மசாலா எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் வரும். கணக்குப் போட்டால் 0.125 யூனிட். ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. சாதாரண மின்விசிறி 75 வாட். மிக்சியில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் கோடையில் அது 16 மணி நேரம் சுற்றுகிறது. 75-ஐ 16-ஆல் பெருக்கினால் 1200. அதாவது 1.2 யூனிட். சத்தமில்லாமல் சுற்றும் ஒரு விசிறி, மிக்சியைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறது. அப்படி மூன்று விசிறி ஓடும் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

மாணவர் மனத்தில் பதிய வேண்டிய முதல் செய்தி இதுதான். ஒரு பொருளின் வாட்டை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. வாட் சிறியது என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதே கணக்கு வேறு சில நம்பிக்கைகளையும் சோதிக்க உதவும். போன் இல்லாமல் சும்மா செருகியிருக்கும் சார்ஜரைப் பிடுங்கிவிடச் சொல்கிறோம். பாதுகாப்புக்கு அது நல்ல பழக்கம். ஆனால் இன்றைய சார்ஜர் சும்மா இருக்கும்போது கால் வாட் அளவுகூட எடுப்பதில்லை. இரண்டு மாதம் செருகியே கிடந்தாலும் அரை யூனிட் வராது. அதன் பக்கத்திலேயே செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். பாக்ஸ் இரவெல்லாம் விழித்திருக்கிறது. 10 வாட் என்று வைத்துக்கொண்டால் 24 மணி நேரத்துக்கு 0.24 யூனிட், இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட். சார்ஜரைப் பற்றி வகுப்பெடுக்கும் நேரத்தில் இந்தப் பாக்ஸின் சுவிட்சைப் பற்றிச் சொன்னால் பயன் அதிகம்.

அணைக்கச் சொல்வதா, மாற்றச் சொல்வதா?

ஒரு முறை எட்டாம் வகுப்பில், "தேவையில்லாதபோது விசிறியை அணைத்துவிடுங்கள்" என்று பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எங்க வீட்ல ஃபேனே ஒண்ணுதான். அஞ்சு பேரும் அதுக்குக் கீழதான் படுக்கிறோம். அதையும் ஆஃப் பண்ணணுமா?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

அந்தக் கேள்வியை நாம் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிக்கனம் என்றால் வெளிச்சத்தையும் காற்றையும் குறைத்துக்கொள்வது என்ற எண்ணத்தையே நாம் பல காலமாகச் சொல்லிக்கொடுத்துவருகிறோம். குறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாடம் குற்ற உணர்ச்சியைத்தான் தரும். படிக்கிற பிள்ளைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மே மாதத்தில் தூங்குகிற குழந்தைக்குக் காற்று வேண்டும். இவை ஆடம்பரம் அல்ல.

ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைப்பது நல்ல பழக்கம். அதை விட வேண்டாம். ஆனால் ஆள் இருக்கும் அறையில் அதே வெளிச்சத்தையும் அதே காற்றையும் பாதி மின்சாரத்தில் பெற முடியும் என்பது அதைவிடப் பெரிய செய்தி. அதற்குப் பெயர்தான் திறன். இங்கே தியாகத்துக்கு வேலை இல்லை. கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் போதும்.

குண்டு பல்பு எங்கே தோற்றது?

குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை சூடாகிச் சூடாகித்தான் ஒளி தருகிறது. அது எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுகிறது. மீதி வெப்பம். அதாவது அது ஒரு சிறிய அடுப்பு, கூடவே கொஞ்சம் வெளிச்சமும் தருகிறது. எல்இடியில் இழையும் இல்லை, கொதிப்பும் இல்லை. குறைகடத்திச் சந்தியில் எலக்ட்ரானும் துளையும் சேரும்போது ஆற்றல் நேரடியாக ஒளியாக வெளிவருகிறது. அதனால் 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடுகிறது.

சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. வெள்ளை வெளிச்சத்துக்கு நீல நிறம் வேண்டும். அது மட்டும் பல ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. திறன்மிக்க நீல எல்இடியை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் மக்களைச் சென்றடைந்தன. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் விலையும் சரசரவென்று இறங்கியது. நோபல் பரிசு பெற்ற ஒரு கண்டுபிடிப்பு நம் சமையலறையில் தொங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

குண்டு பல்பு ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் பழைய டியூப் லைட் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. 40 வாட் என்று குழாயில் எழுதியிருக்கும். செம்புக்கம்பி சுற்றிய பழைய சோக் தன் பங்குக்கு 10 வாட்டுக்கும் மேல் தின்றுவிடும். ஆக, குறைந்தது 50 வாட். அந்த இடத்தில் 20 வாட் எல்இடி டியூப் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்இடி வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்கக் கூடாது. வாட் என்பது அது எடுப்பது. அது தருவது லூமன். இரண்டும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும். ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று வகுத்துப் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டோம். லூமனே எழுதாத, தர முத்திரை இல்லாத மலிவு பல்பு சில மாதங்களில் மங்கிவிட்டால் மிச்சம் எங்கே இருக்கிறது?

இனி விசிறிக்கு வருவோம். சாதாரண மின்விசிறியில் இருப்பது தூண்டல் மோட்டார். அதில் கணிசமான மின்சாரம் சுருள்களிலும் இரும்பிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. நெடுநேரம் ஓடிய விசிறியின் நடுப்பகுதி சூடாக இருப்பது அதனால்தான். காற்றுக்காகக் காசு கொடுத்து வெப்பத்தையும் சேர்த்து வாங்குகிறோம். பிஎல்டிசி விசிறியில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருக்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை ஒரு சிறு மின்னணுச் சுற்று தீர்மானிக்கிறது. இழப்பு வெகுவாகக் குறைகிறது. 75 வாட்டில் கிடைத்த காற்று 30, 35 வாட்டில் கிடைத்துவிடுகிறது. இந்த விசிறியைச் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரோடு இணைக்கக் கூடாது. வேகத்தை மாற்ற அதற்கென்று ரிமோட்டோ தனி அமைப்போ உண்டு. வாங்குவோரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு வீட்டின் கோடை ரசீது

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இது கற்பனை வீடுதான். ஆனால் நம்மில் பலருடைய வீட்டைப்போலவே இருக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளைக்கு யூனிட் கணக்கு இது.

மூன்று சாதாரண மின்விசிறிகள், ஒவ்வொன்றும் நாளைக்கு 16 மணி நேரம்: 216 யூனிட்.
நான்கு பழைய டியூப் லைட்டுகள், ஒவ்வொன்றும் 5 மணி நேரம்: 60 யூனிட்.
நாளைக்கு ஒன்றரை யூனிட் எடுக்கும் ஃபிரிட்ஜ்: 90 யூனிட்.
ஏர் கூலர், 150 வாட், இரவு 8 மணி நேரம்: 72 யூனிட்.
டி.வி.யும் செட்டாப் பாக்ஸும்: 32 யூனிட்.
தண்ணீர் மோட்டார், ஏறக்குறைய ஒரு கிலோவாட், அரை மணி நேரம்: 30 யூனிட்.
அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின்: 16 யூனிட்.
மிக்சி, கிரைண்டர்: 10 யூனிட்.

மொத்தம் 526 யூனிட். ஏசி இல்லாத வீடு. ஆடம்பரம் எதுவும் இல்லை. நாம் பயந்துகொண்டிருந்த மிக்சி கடைசி வரியில் இருக்கிறது, பாருங்கள்.

கட்டணத்துக்கு 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பின்னர் விகிதங்கள் திருத்தப்பட்டுள்ளன. மாணவர்கள் அப்போதைக்கு உள்ள விகிதத்தை வைத்துப் போடட்டும், முறை ஒன்றுதான். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு; 500-க்கு மேல் முதல் 100 யூனிட்டுக்கு 8 ரூபாய்.

சரியாக 500 யூனிட் எடுத்தால் ரசீது 1,725 ரூபாய். 510 எடுத்தால் 2,030 ரூபாய். பத்து யூனிட் கூடியதற்கு 305 ரூபாய். "போன தடவையைவிடக் கொஞ்சம்தானே கூட ஓடியிருக்கு, எப்படி இவ்வளவு வந்தது?" என்று ரீடிங் எடுக்க வருபவரிடம் நம் வீட்டார் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். மீட்டரில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. படி தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

நம் கற்பனை வீட்டின் 526 யூனிட்டுக்கு 2,158 ரூபாய். இப்போது மூன்றே மாற்றங்கள் செய்வோம். மூன்று விசிறியும் 32 வாட் பிஎல்டிசி ஆகின்றன: 216 யூனிட் 92 ஆகிறது. நான்கு டியூப்பும் 20 வாட் எல்இடி ஆகின்றன: 60 யூனிட் 24 ஆகிறது. செட்டாப் பாக்ஸைப் பார்க்காத நேரத்தில் சுவிட்சில் அணைக்கிறோம்: 11 யூனிட் மிச்சம். மொத்தம் 171 யூனிட் குறைகிறது. மீதி 355. அதற்குக் கட்டணம் 922 ரூபாய் 50 காசு.

மின்சாரம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. பணம் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் காற்று குறையவில்லை, வெளிச்சம் குறையவில்லை. படிநிலைக் கட்டணத்தில், மேலே இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகள்தான் முதலில் உதிர்கின்றன. அதனால்தான் இந்த வேறுபாடு.

செலவு? பிஎல்டிசி விசிறி ஒன்று 3,000 ரூபாய், எல்இடி டியூப் ஒன்று 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய். கோடை ரசீதில் மிச்சம் அதிகம், மற்ற மாதங்களில் அதில் பாதி அளவு. ஏறக்குறைய இரண்டு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் பத்தாயிரத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க எல்லோராலும் முடியுமா? தேவையும் இல்லை. நான்கு டியூப்பை மட்டும் முதலில் மாற்றினால் செலவு 1,000 ரூபாய். 36 யூனிட் குறைந்து 490 ஆகிறது. கட்டணம் 1,665 ரூபாய். அதாவது ஒரே ரசீதில் 493 ரூபாய் மிச்சம். அடுத்த ஆண்டு, வீட்டில் அதிக நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றலாம். வரிசை முக்கியம். எது அதிக மணி நேரம் ஓடுகிறதோ அது முதலில்.

எல்லா வீட்டுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது

இந்தக் கணக்கை அப்படியே எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் எடுக்கும் வீட்டுக்குக் கட்டணமே இல்லை. அவர்களிடம் போய் 3,000 ரூபாய்க்கு விசிறி வாங்கினால் பணம் மிச்சம் என்றால் அது பொய். இருக்கிற விசிறி பழுதாகி, புதிது வாங்க வேண்டிய நாள் வரும்போது திறன்மிக்கதைப் பார்த்து வாங்குங்கள் என்பதே அவர்களுக்கு ஏற்ற சொல்.

மாறாக, வாடகை வீட்டில் இருப்போரில் பலர் தனிச் சிறு மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டு உரிமையாளரிடம் கட்டுகிறார்கள். முதல் யூனிட்டிலிருந்தே பணம். அவர்களுக்கு ஒவ்வொரு வாட்டும் கணக்கு. வீடு மாறும்போது பல்பையும் டியூப்பையும் விசிறியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதால், சொந்தப் பணத்தில் வாங்கினாலும் நட்டம் இல்லை.

விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் அறையின் விசிறியை மாற்ற வேண்டாம். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் நன்றாக ஓடினால் ஓடட்டும். நாளைக்குச் சில நிமிடம் ஓடும் பொருளில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை.

சூடாக்கும் பொருள்களுக்குத் தனிக் கணக்கு. 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டும்? நிறை, தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்கினால் 1,260 கிலோஜூல். 0.35 யூனிட். எந்த நிறுவனத்தின் ஹீட்டரானாலும் இதைவிடக் குறைவாகத் தண்ணீரின் தேவை இருக்காது. நல்ல ஹீட்டர் செய்வதெல்லாம் தொட்டியிலிருந்து வெப்பம் கசியாமல் காப்பதுதான். அதனால் இங்கே மிச்சம் எங்கே என்றால், தேவையான நேரத்துக்குச் சற்று முன் போட்டு, குளித்ததும் அணைப்பதில். மொட்டைமாடி இருந்தால் சூரிய வெப்பத்தில்.

ஃபிரிட்ஜ் பழையது என்பதற்காக உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. கதவின் ரப்பர் பட்டையில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்துங்கள். தாள் எளிதாக உருவிக்கொண்டு வந்தால் குளிர்ச்சியும் அந்த வழியாகப் போகிறது. பட்டையை மாற்றுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக இடம் விடுங்கள். சூடான குழம்பை ஆறவைத்து உள்ளே வையுங்கள். உறைபனி கனமாகப் படியும்வரை விடாதீர்கள்.

ஏசி வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. 24 டிகிரியில் வைத்து மெல்ல விசிறியும் ஓடவிட்டால் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் துறையினர் சொல்லும் கணக்கு. வடிகட்டியைக் கழுவுவதற்குச் செலவே இல்லை.

நட்சத்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002-இல் அமைக்கப்பட்டது பி.இ.இ. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் எரிசக்தித் திறன் பணியகம். நட்சத்திரக் குறியீட்டை அது 2006-இல் தொடங்கியது. கூரை மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் இந்தக் குறியீடு கட்டாயம்.

நட்சத்திரத்தை எண்ணினால் மட்டும் போதாது. அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இறுக்கப்படுகிறது. 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோல் மாறியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த பல ஏசிகள் நான்குக்கு இறங்கின. ஆகவே குறியீட்டில் எந்த ஆண்டுக்கு உரியது என்பதைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதில் இருக்கும் எண். இரண்டு ஃபிரிட்ஜின் எண்ணைக் கழித்து, உங்கள் வீட்டின் மேல்படிக் கட்டணத்தால் பெருக்கினால், விலை வேறுபாடு எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். ஏசி குறியீட்டில் இருக்கும் எண் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிட்டது. அதைவிடக் குறைவாக ஓட்டுபவருக்கு மிச்சமும் குறைவு. விசிறிக்குக் குறியீட்டோடு, நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்றைக் குறைத்து வாட்டைக் குறைப்பது திறன் ஆகாது.

மீட்டரில் கண் சிமிட்டும் விளக்கு

இனி வகுப்பறைக்கு வருவோம். செலவே இல்லாத ஒரு செய்முறை சொல்கிறேன். இப்போதைய மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்பது பல மீட்டர்களில் காணப்படும் எண். வேறு எண்ணாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர் ஒருவர் துணையோடு, ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்கு நிறுத்திவிட்டு ஒரே ஒரு சாதாரண விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 40 முறை மின்னினால், ஒரு மணி நேரத்துக்கு 240. 240-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.075 கிலோவாட். அதாவது 75 வாட். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை, பிள்ளையே அளந்துவிட்டது. பிஎல்டிசி விசிறி இருக்கும் வீட்டில் அதே பத்து நிமிடத்தில் 17 முறைதான் மின்னும். பழைய டியூப் 27 முறை. எல்இடி டியூப் 11 முறை.

மீட்டரைத் தொடக் கூடாது, பெட்டியைத் திறக்கக் கூடாது, ஈரக் கையோடு சுவிட்சுப் பக்கம் போகக் கூடாது. தள்ளி நின்று எண்ணினால் போதும். இதை மூன்று முறை சொல்லி அனுப்புங்கள்.

பிறகு நோட்டில் ஓர் அட்டவணை போடலாம். பொருள், வாட், மணி நேரம், யூனிட். ஆறு, ஏழாம் வகுப்புக்குப் பெருக்கலும் தசமமும் இதில் இருக்கின்றன. எட்டாம் வகுப்புக்குச் சதவீதமும் வட்ட விளக்கப்படமும். பத்தாம் வகுப்புக்கு மின்திறன். பதினொன்று, பன்னிரண்டில் வணிகவியல் மாணவருக்கு, போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற கணக்கு.

ஒன்றை மட்டும் மிகக் கவனமாகச் செய்யுங்கள். எந்தப் பிள்ளையின் வீட்டு ரசீதையும் வகுப்பில் வாசிக்க வைக்காதீர்கள். யார் வீட்டில் குறைவு, யார் வீட்டில் அதிகம் என்று பலகையில் எழுதாதீர்கள். வீட்டில் எத்தனை விசிறி, ஏசி உண்டா, சொந்த வீடா வாடகை வீடா என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிடும். வகுப்பில் ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடட்டும். சொந்த வீட்டுக் கணக்கு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே இருக்கட்டும்.

"எல்இடிதானே, கொஞ்சம்தானே எடுக்கும்" என்று விடிய விடிய எரியவிடும் பழக்கமும் வந்துவிடக் கூடாது. 20 வாட் டியூப் 5 மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டரை மணி நேரம் எரிந்தால், பழைய 50 வாட் டியூப் எடுத்த அதே கால் யூனிட்டில் போய் நிற்கும். வாட் பாதி, நேரம் பாதி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதுதான் இது.

வீட்டுக்கு மட்டும் அல்ல

கடைசியாக ஒன்று. 2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் டி.வி.யும் ஒன்றாகப் போடப்படுகின்றன. அந்த உச்ச நேரத்துக்காக மின்வாரியம் அதிக விலைக்கு மின்சாரம் வாங்க நேர்கிறது. ஒரு விசிறியில் குறையும் 43 வாட் சிறிது. ஒரு லட்சம் வீடுகளில் ஆளுக்கொரு விசிறி மாறினால், அவை ஒன்றாக ஓடும் நேரத்தில் 4.3 மெகாவாட். ஒரு கோடி விசிறி என்றால் 430 மெகாவாட். ஒரு பெரிய அனல்மின் அலகு தரும் அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. இந்தப் பெருக்கலையும் பிள்ளைகளே போடட்டும்.

நம்மிடம் படிக்கும் பிள்ளை இன்னும் பத்து ஆண்டில் ஒரு வீட்டுக்கு விசிறியும் ஃபிரிட்ஜும் வாங்கப்போகிறது. கடையில் நின்று, விலைச்சீட்டை மட்டும் பார்க்காமல் குறியீட்டில் இருக்கும் யூனிட் எண்ணையும் பார்த்து, மனத்துக்குள் ஒரு பெருக்கல் போட்டு வாங்கினால் நம் பாடம் நடந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் பள்ளிக்குப் போனதும் உங்கள் ஆய்வகத்தில் ஒரு பழைய பல்பும் ஒரு எல்இடி பல்பும் எடுத்து மேசைமேல் வையுங்கள். கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள். கணக்கை அவர்களே போடுவார்கள்.